நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்வது எதற்கு? மானியக் கோரிக்கையும் வெட்டுத் தீர்மானமும்

குடியாத்தம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் போதவில்லை, அணைக்கட்டுப் பக்கம் பள்ளிக்கு வகுப்பறை வேண்டும் என்றால் எம்.எல்.ஏ.விடம் போய், "பட்ஜெட்டில் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்க" என்கிறோம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அது அவர் கையில் இல்லை. ஒரு துறையின் செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு சட்டப்பேரவையிடம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் அது எதுவும் பேரவைக்கு வராது. நடைமுறையில் அது அமைச்சரவையின் முடிவு. வந்த தொகையைப் பேரவை அப்படியே ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்து ஏற்கலாம். அரசியலமைப்பின் 203வது பிரிவு தரும் அதிகாரம் அவ்வளவுதான். ஒரு ரூபாய் கூடக் கூட்ட முடியாது.

சரி, அப்புறம் உறுப்பினர் என்னதான் செய்வார்? கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார். மக்களவை நடைமுறையில் இது மூன்று வகை. கொள்கையே தவறு என்றால் மொத்தத் தொகையையும் 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது ஒன்று. சிக்கனத்துக்காகக் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது இன்னொன்று. மூன்றாவது, 100 ரூபாய் மட்டும் குறைக்கச் சொல்வது. பல கோடி ஒதுக்கீட்டில் நூறு ரூபாய் குறைந்து யாருக்கு என்ன லாபம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்துத்தான் தன் தொகுதிக் குறையை அவையில் பதிவு செய்ய முடிகிறது. தீர்மானம் நிறைவேறினால் அது அரசின் தோல்வி. பெரும்பான்மை உள்ள அரசு அதை நிறைவேற விடாது. நாம் கவனிக்க வேண்டியது அமைச்சர் தரும் பதிலை.

குறையை எந்தத் துறையின் கோரிக்கையில் கிளப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டு பட்ஜெட்டில் கோரிக்கைகளுக்கு எண் உண்டு. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மக்கள் நல்வாழ்வுத் துறையில், அதாவது 19வது கோரிக்கையில் வரும். கல்லூரிதானே என்று உயர்கல்வித் துறையில் தேடினால் கிடைக்காது. பள்ளிக் கட்டடமும் ஆசிரியர் பணியிடமும் பள்ளிக்கல்வியின் 43வது கோரிக்கை. தோல் தொழிற்சாலைக்குப் போகிறவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) மருந்தகத்தில் மருந்து இல்லை என்றால், விஷயம் மருத்துவமாக இருந்தாலும் அது தொழிலாளர் நலத்துறைக் கணக்கு. அரசு ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையமும் அங்கேதான், கல்வித் துறையில் இல்லை. துறை மாறிப் போன மனு மேசை மேசையாக அலையும்.

ஒவ்வொரு துறையின் கோரிக்கை விவாதத்தின்போதும் அந்தத் துறையின் திட்டங்களைச் சொல்லும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அரசு வெளியிடும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். உங்கள் குறையைத் தொடும் பத்தியைக் காட்டி, விவாதத்துக்கு முன்பே எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் கொடுங்கள். கோரிக்கைகள் நிறைவேறி, அந்தப் பணத்தை எடுக்க அனுமதி தரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வந்துவிட்டால், தொகையை மாற்றும் திருத்தத்துக்கு 204வது பிரிவு இடம் தராது. ஆண்டு நடுவில் கூடுதல் செலவுக்குத் துணை மதிப்பீடு வரும். அதையும் கொண்டுவருவது அரசுதான்.

அமைச்சர் அவையில் "செய்து தருகிறோம்" என்று சொல்லிவிட்டால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒன்று இருக்கிறது, சொன்னது நடந்ததா என்று பார்ப்பது அதன் வேலை. பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது பொதுமக்களே நேரடியாக மனு கொடுக்கலாம், அதற்கு யார் சிபாரிசும் தேவையில்லை.