வேலை பார்த்த இன்ஜினில் தண்ணீர் ஏன் குறைகிறது?

பழைய அம்பாசடரின் இன்ஜினை முழுதாகப் பிரித்து, போர் போட்டு (சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து), சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு ஃபேஸிங் செய்து (அடிப்பக்கத்தைச் சமமாக்கி), இடையே கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட் வைத்து மூடியாயிற்று. ஓட்டத் தொடங்கிய சில நாளிலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. பட்டறையில் நிற்கும் நாலு பேரில் மூன்று பேராவது “ஹெட் கேஸ்கட் போச்சு” என்பார்கள். ஹெட்டில் கை வைக்கும் முன், தண்ணீர் எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். எங்கே போகிறது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதல் ஓரிரு ஓட்டத்தில் குறைவது கசிவாகவே இல்லாமல் இருக்கலாம். பிரித்துக் கோத்த இன்ஜினில் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் காற்று. நிரப்பும்போது அதில் ஒரு பகுதி, சூடேறினால் மட்டும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். சூடேறி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு அது மேலேறி வெளியேறும், அந்த இடத்துக்குத் தண்ணீர் இறங்கும். அப்புறம், 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாகும் தண்ணீர் சுமார் 3 சதவீதம் பெருகும். 8 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் அது கால் லிட்டர். தனி ரிசர்வ் டேங்க் இல்லாத பழைய காரில் கழுத்துவரை ஊற்றினால் அந்தக் கால் லிட்டர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே ரோட்டுக்குப் போய்விடும். பிறகு மட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

நிற்கவில்லையா? காலையில் தரையில் சொட்டு கிடந்தால் வேலை எளிது. ஆறும்போது உலோகமும் ரப்பரும் சுருங்கி, இறுக்கம் போதாத ஹோஸ் கிளிப்பில் ஒழுகியிருக்கும். படுத்துவது சூட்டில் மட்டும் ஒழுகும் கசிவுதான். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 7 பிஎஸ்ஐ மூடி போட்டால் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த அழுத்தம் வந்தால் மட்டுமே ஒழுகும் மெல்லிய இடுக்குகள் உண்டு. வெளியே வந்த துளி சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும், மிச்சத்தை ஃபேன் காற்று பின்பக்கம் தள்ளிவிடும். ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறு.

பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பு இதற்குத்தான். சூடில்லாமல் அழுத்தத்தை மட்டும் அது தருகிறது. ஆறிய இன்ஜினில் மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மேல் போகாமல் அடித்து, ஒரு 15 நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். இறங்கினால் டார்ச்சோடு தேடலாம். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீலைத் தாண்டிய தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேற வைத்த ஓட்டை அது. அங்கே விடாமல் ஒழுகினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம், ஓட்டையை அடைப்பது தீர்வல்ல. அடுத்து பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) பக்கவாட்டில் தண்ணீர் வழியை மூடியிருக்கும் தகடுகளான கோர் பிளக்குகள். வேலை பார்க்கும்போது பிளாக்கை நன்றாகக் கழுவிச் சுரண்டுவார்கள். பல வருடம் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்த துருவும் அதோடு போய்விடும். பிளக் உட்காரும் விளிம்பில் குழி விழுந்திருந்தால் புது பிளக்கும் ஒழுகத்தான் செய்யும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் வர வேண்டும். இங்கேயும் நேரம்தான் துப்பு. பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போலப் பல பத்து மடங்கு. தண்ணீரிலோ வளிமண்டலத்தைவிட அரை மடங்குகூட அதிகமில்லை. ஆகவே ஓடும்போது புகை தண்ணீருக்குள் நுழையும்: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக விறைக்கும். நிறுத்தியதும் திசை மாறும். சிலிண்டரில் அழுத்தம் போய்விட்டது, தண்ணீரில் இன்னும் இருக்கிறது, எனவே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகி வெள்ளைப் புகை வரும். அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை மட்டும் நீராவி கழுவிச் சுத்தமாக வைத்திருக்கும்.

உறுதி செய்ய ஒரு நீலத் திரவம் உண்டு. ரேடியேட்டர் கழுத்துக் காற்றை அதற்குள் இழுத்தால், புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அமிலமாகி, திரவம் மஞ்சளாக மாறும்.

ஆயில் மூடியின் அடியில் தயிர் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் துளி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வந்து, சின்னச் சின்ன ஓட்டத்தில் சூடேறாத மூடியில் படியும். இரவு முழுக்க நிறுத்திவைத்து, இன்ஜினின் அடியில் ஆயிலை வடிக்கும் சம்ப் நட்டை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. ஆயிலோடு கலக்காமல் நிற்பது அடியில் தங்கி முதலில் அதுதான் வரும்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் பழக்கம் வழியில் மாட்டிக்கொண்டவனுக்குச் சரி. புதிதாக வேலை பார்த்த இன்ஜினில் அது துப்பை மறைத்து, ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கும்.

கேஸ்கட் ஓரத்தில் லேசான கசிவு மட்டும் என்றால், பழைய வகை கேஸ்கட்டுக்கு மறு இறுக்கம் போதுமானதாக இருக்கலாம். ஆறிய பின், மேனுவலில் சொன்ன வரிசையில், இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் கோத்த ராக்கர் ஷாஃப்டையும் ஹெட் ஸ்டட்களில் சிலவே பிடித்திருக்கின்றன. அதனால் இறுக்கிய கையோடு டேப்பெட் இடைவெளியையும் (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளி) மறுபடி வைத்தாக வேண்டும்.