தியென்ஷு: தொப்புள் பக்கத்தில் ஒரு கதவுக் குடுமி

தொப்புளிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் தள்ளி, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அக்குபங்சரில் இந்த இடத்துக்குப் பெயர் தியென்ஷு. (கட்டைவிரல் நோயாளியுடையது, வைத்தியருடையது அல்ல. ‘சுன்’ என்ற இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும்.) மலச்சிக்கலுக்கும் இங்கேதான் ஊசி, வயிற்றுப்போக்குக்கும் இங்கேதான். அதெப்படி என்று கேட்டால், பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

‘தியென்’ என்றால் வானம். ‘ஷு’ என்ற எழுத்தின் இடப்பாதி மரத்தைக் குறிக்கும். அதன் பழம்பொருள் கதவு சுழலும் முளை. இரும்புக் கீல் இல்லாத நம் பழைய வீட்டுக் கதவுகளிலும் பார்த்திருப்பீர்கள்: பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் துருத்திக்கொண்டிருக்கும் கட்டை, நிலையில் குடைந்த குழிக்குள் உட்கார்ந்து திரும்பும். எண்ணெய் விடாவிட்டால் கிறீச்சிடும். அதற்குக் குடுமி என்று பெயர். திறப்பதும் அடைப்பதும் அந்த ஒரே குடுமியில்தான். ‘ஓடும் நீர் கெடாது, ஆடும் குடுமியைப் புழு அரிக்காது’ என்று சீனர்கள் 2000 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் குடுமியும் இதே ‘ஷு’தான்.

சரி, வானம் எங்கிருந்து வந்தது? ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய சீன மருத்துவ நூல், தியென்ஷுவுக்கு மேலே வானத்தின் ‘ச்சி’ (உயிராற்றல்) ஆள்கிறது, கீழே மண்ணின் ‘ச்சி’ ஆள்கிறது, இரண்டும் கலக்கும் இடத்தில் மனிதன் இருக்கிறான் என்கிறது. உடம்பை மேல் கீழாகப் பிரித்தால் நடுவில் வருவது தொப்புள். வடவானத்தில் நாம் எழுமீன் என்றும் சப்தரிஷி மண்டலம் என்றும் சொல்லும் கூட்டத்தின் முதல் விண்மீனுக்கும் சீனத்தில் தியென்ஷு என்றே பெயர்.

ச்சி ஓடுவதாகச் சொல்லும் வழிகளை நாளம் என்கிறார்கள்; இரைப்பைக்கு உரிய நாளத்தின் 45 புள்ளிகளில் இது 25ஆவது. ஆனால் இதைப் பெருங்குடலுக்கு உரிய புள்ளியாகவும் கொள்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சீனாவின் 15 மருத்துவமனைகளில் கடும் மலச்சிக்கல் உள்ள 1,075 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு இதோடு வேறு இரு புள்ளிகளிலும் ஊசி செருகி மின்சாரம் செலுத்தினார்கள்; மறுபாதிக்குப் பெயருக்கு ஊசி. எட்டு வாரத்தில், வாரத்துக்கு மூன்று முறையாவது முழுமையாக மலம் கழிந்தவர்கள் முதல் பிரிவில் 31.3 சதவீதம், மற்றதில் 12.1 சதவீதம்.

அப்புறம் தமிழ்ப் பெயர். ஆங்கிலம் வழியாகப் போனால் ‘சொர்க்க மையம்’ என்று ஆகிவிடும். இரண்டு சொல்லுமே தப்பு. இது சொர்க்கமல்ல, வெறும் வானம். மையமல்ல, சுழலும் முளை. பொருளுக்குக் கச்சிதம் ‘விண்குடுமி’தான், ஆனால் படிப்பவருக்குத் தலைமுடிதான் நினைவுக்கு வரும். அதனால் நான் ‘விண்ணச்சு’ என்று எழுதுகிறேன். ‘புள்ளி’ என்பதும் முழுக்கச் சரியில்லை. சீனத்தில் அது ‘ஷுவே’, அதாவது குழி. குடுமி என்றால் குழி வேண்டாமா? ஆனால் ‘புள்ளி’ ஊன்றிவிட்டது, இனி மாற்ற முடியாது. சிகிச்சைக் குறிப்பில் மட்டும் எந்தப் பெயர் எழுதினாலும் பக்கத்தில் எஸ்டி 25 (எஸ்டி என்பது இரைப்பை நாளத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று எண்ணைப் போட்டுவிடுங்கள்; ஊசி போடுகிறவர் அதைத்தான் தேடுவார்.