இடமாற்றக் கடிதம் வந்த உறையை எறியாதீர்கள்

இலங்கையில் அரச உத்தியோகத்தர்கள் இடமாற்றக் கடிதத்தைப் பத்திரப்படுத்தினாலும் அது வந்த உறையைக் குப்பைக்குள் போட்டுவிடுகிறார்கள். கடிதத்தில் 3ஆம் திகதி இருக்கும். உறையிலுள்ள சாவகச்சேரித் தபாலக முத்திரையில் 19 இருக்கும். இடையில் போன பதினாறு நாளுக்கு அந்த உறைதான் சாட்சி. உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவதே ஒரு மாதம் என்பதால், பதினாறு நாள் சின்ன விடயமல்ல.

மேன்முறையீடு எழுதமுன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் பக்கத்து மேசைகளில் இருக்கும் இரண்டு முகாமைத்துவ உத்தியோகத்தர்களில் ஒருவர் மத்திய அரசு, மற்றவர் மாகாணம். ஒரே மாதிரிக் கடிதம் வந்தாலும் வழி வேறு. ஆசிரியர்களிலும் தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என்று இந்தப் பிரிவு உண்டு.

மத்திய உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரம் 55ஆம் உறுப்புரைப்படி அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம். அதிகாரம் பெற்ற அலுவலர் போட்ட கட்டளைக்கு ஆணைக்குழுவிடமும் (58), ஆணைக்குழுவின் கட்டளைக்கு நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையிடமும் (59) போகலாம். இவை இரண்டையும் விட்டுவிட்டு நேரே எழுத்தாணை (ரிட்) மனு, அதாவது கட்டளையை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு, போட்டால் 61அ உறுப்புரை குறுக்கே நிற்கும். அது விட்டுவைத்த வாசல்கள் நியாயசபையும் அடிப்படை உரிமை மனுவும்தான்.

மாகாண உத்தியோகத்தருக்கு இந்த நியாயசபை இல்லை. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டப்படி அதிகாரம் ஆளுநரிடம். அவர் அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். ஆணைக்குழுவின் கட்டளையை மாற்றவும் நீக்கவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. அதற்குமேல் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு. அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலேயே போடலாம்.

கனபேர் தவறுவது இங்கேதான். மேன்முறையீட்டைப் போட்டுவிட்டு, “பதில் வரட்டும்” என்று காத்திருக்கிறார்கள். மேன்முறையீடு, அடிப்படை உரிமை மனுவுக்கான அந்த ஒரு மாதத்தை நிறுத்தாது. அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). வெறும் முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல், விசாரணை நடக்கிறது என்பதற்கு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். இடமாற்றங்களைப் பரிசீலிக்கும் இடமாற்றச் சபையின் அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதென்றால் முதல் நாளே கேளுங்கள். முடிவு சொல்லவே அவர்களுக்கு 14 வேலைநாள் உண்டு.

மேன்முறையீடு நிலுவையில் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். லீவு இல்லாமல் நின்றால் பதவி வெறிதாக்கல் கடிதம், அதாவது நீங்களே பதவியை விட்டுவிட்டதாகக் கொள்ளும் கடிதம், வரும், பிறகு வழக்கே வேறு. “மேன்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி” என்று எழுதிக் கடமையேற்றுவிட்டு வழக்காடுங்கள்.

இடமாற்றமல்ல, குற்றஞ்சாட்டி விளக்கம் கோரும் கடிதம் வந்தால், அதற்கு “தவறு நடந்திருந்தால் மன்னிக்கவும்” என்று பணிவாக எழுதும் பழக்கம் எங்களிடம் உண்டு. அந்த ஒரு வரி, பிறகு ஒழுக்காற்று விசாரணையில் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படும். “கடமையில் அசமந்தம்” என்று மொட்டையாகக் குற்றஞ்சாட்டினால் எந்தத் திகதி, எந்த வவுச்சர், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். குற்றப்பத்திரத்தில் சொல்லப்பட்ட ஆவணங்களைப் பார்க்காமல் மறுமொழி எழுத வேண்டாம். சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். 22ஆம் உறுப்புரைப்படி வடக்கில் நிருவாக மொழி தமிழ்.

இந்தப் பாதுகாப்புகள் சும்மா வந்தவையல்ல. சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரனிடம், அரச ஊழியர் சம்பளத்துக்கு அரசின்மேல் வழக்குப் போடவே முடியாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. போடலாம் என்று 1969இல், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) தீர்த்தது.

மேலதிகாரிகளுக்கும் ஒரு சொல். அடிப்படை உரிமை வழக்கில் நட்டஈடு எப்போதும் திறைசேரியிலிருந்து போகாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரி 12ஆம் திகதி முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும் முன்னாள் பொலிஸ்மா அதிபர் ஏழரைக் கோடியும் சொந்தப் பணத்தில் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. “மேலிடம் சொன்னது” என்பதை மறுப்பாக எடுக்கவேண்டுமானால் முதலில் அது எழுத்தில் இருக்கவேண்டும். தொலைபேசியில் கட்டளை வந்தால் அன்றைக்கே அலுவலகக் கோவையில் குறிப்பெழுதி, நேரமும் சொன்னவரின் பதவியும் போட்டு, உறுதிப்படுத்தும்படி அவருக்கே அனுப்பிவையுங்கள்.