கப்ளருக்குள் ஏறும் களிம்பு

அக்காவை உவரியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டு வாசலில் நின்றாலே அலைச்சத்தம் கேட்கும், அத்தானின் கார் ஒன்பது வருஷமாக அந்த உப்புக்காற்றில்தான் நிற்கிறது. போன ஐப்பசியில் அதன் இடது ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது. வலது பக்கம் பளிச்சென்று அடிக்கும்போது இடது பக்கம் சோர்ந்துபோன மஞ்சளாக எரியும், ராத்திரி திசையன்விளை ரோட்டில் வரும்போது இடது ஓரத்துப் பனைமரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. பல்பை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை. "இனி முழு லைட்டையும் மாத்தணுங்கான் மெக்கானிக்கு, மாப்ள, நீ ஒரு தடவ வந்து பாரு" என்று அத்தான் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிப் போனேன்.

லைட்டில் ஒரு குறையும் இல்லை. பல்புக்குப் பின்னால் வயரை மாட்டுகிற கப்ளரில், எர்த் முனையில், களிம்பு பிடித்திருந்தது. மொத்தமே விரல் நுனி அளவு இடம். இதே பழுதுக்காக நல்ல பல்பையும் நல்ல பேட்டரியையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் அந்த இடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

களிம்பு நமக்குப் பழக்கமானதுதான். உயிரை ஆணவ மலம் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்கிற உவமையே செம்பில் களிம்பு. ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து செம்பைப் பச்சையாக்குகின்றன. கடலோரத்தில் உப்பிலிருக்கும் குளோரைடும் கூடச் சேர்ந்துகொள்ளும், அப்போது வேலை இன்னும் வேகமாக நடக்கும். காரின் டெர்மினல்கள் பெரும்பாலும் பித்தளை அல்லது வேறொரு செம்புக் கலவை, அதன்மேல் மெல்லியதாக வெள்ளீயப் பூச்சு. பூச்சு இருக்கும்வரை காவல். இன்ஜின் அதிர்வில் டெர்மினல் ஓயாமல் நுண்ணியதாக உரசிக்கொண்டே இருக்கிறது, பூச்சு தேய்கிறது, உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரிகிறது.

பல்பின் தகடும் கப்ளருக்குள் இருக்கும் டெர்மினலும் முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றும். ஆனால் எவ்வளவு வழவழப்பான தகடும் நெருங்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான், மேடும் மேடும் முட்டுகிற சில புள்ளிகளில் மட்டும்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது, மொத்தக் கரண்டும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. டெர்மினலில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் மடிப்பு அந்தப் புள்ளிகளை அழுத்திப் பிடித்திருக்கிறது. இடையில் களிம்பு நுழைந்தால் புள்ளிகள் குறையும், மிச்சமிருக்கிற புள்ளிகள் சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்ததும் பிடிப்பு இன்னும் குறையும். அதனால்தான் மாசக்கணக்கில் மெதுவாக மங்கின லைட் ஒரு நாள் திடீரென்று அணைந்துவிடுகிறது.

மழையே பெய்யாத சித்திரையிலும் கடலோர வண்டிக்கு இது வரும். அடுப்படியில் திறந்துவைத்த உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதே, அதே காரணம்தான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். ஆக, கப்ளரில் ஒருமுறை உப்புத்தூசி படிந்துவிட்டால் அது எப்போதும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். அந்தப் பிசுபிசுப்புக்குள் கரண்டும் பாயும். எப்போதும் 12 வோல்ட் இருக்கிற முனையும் பக்கத்திலேயே எர்த் முனையும் உள்ள கப்ளரானால், பிளஸ் பக்கத்துச் செம்பு அயனியாகக் கரைந்து வெளியேறும், கொஞ்ச நாளில் அந்த முனை குச்சியாக மெலிந்து ஒடிந்தே போகும். பள்ளிக்கூடத்து லேபில் செய்து பார்த்த மின்னாற்பகுப்பு இதுதான்.

ரப்பர் சீல் போட்ட கப்ளருக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள். நாங்குநேரியிலிருந்து நேராக ஓட்டிவந்து, சூடு ஆறுமுன் வண்டியைக் கழுவுகிறோம். உள்ளே சூடாகி விரிந்திருந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து உறிஞ்சுகிறது, சீல் கொஞ்சம் கிழண்டிருந்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளின் கதை வேறு. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, சகதித் தண்ணீரில் கிடந்த கப்ளர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் அந்த வண்டிகளை நம்ப முடியாது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் யோசனை. அத்தான் வண்டியில் டிம், பிரைட் இரண்டுமே மங்கலாக இருந்தன. அந்தப் பல்புக்கு மூன்று முனை, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு எர்த். இரண்டும் ஒன்றாகக் கெட்டால் பொதுவானதன் மேல்தான் முதல் சந்தேகம் போகவேண்டும்.

அடுத்து அளப்பது, இங்கேதான் பலபேர் ஏமாறுகிறார்கள். லைட்டை அணைத்துவிட்டு, வயரைக் கழற்றி, மீட்டரை பீப் சத்தம் வருகிற இடத்தில் வைத்துத் தொடுவார்கள். பீப் வரும், வயர் நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிடுவார்கள். பல மீட்டர்கள் முப்பது நாற்பது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும், ஹெட்லைட்டை மங்கவைக்க அரை ஓம் போதும். தவிர மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுக் கரண்டு, பல்பு இழுப்பது நாலரை ஆம்பியர். பத்து இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயர்கூட மீட்டருக்கு நல்ல வயர்தான்.

பாளையங்கால்வாயில் அமலைச்செடி அடைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடையை மூடித் தண்ணீர் நின்றுவிட்டால் அடைப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டம் ஒன்றாகவே இருக்கும், அடைப்பு இருப்பதே தெரியாது. தண்ணீர் ஓடும்போது பாருங்கள், மேல்பக்கம் ஏறி நிற்கும், கீழ்பக்கம் இறங்கிக் கிடக்கும், எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு அடைப்பு. வோல்ட் என்பது அந்த மட்டம் மாதிரி. அதனால் கரண்டு ஓடும்போதே அளக்கவேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் டிம் முனைக்கு 0.3 வோல்ட்தான் இறங்கியிருந்தது, அந்தப் பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் பேட்டரி மைனஸில் ஒரு முனையை வைத்து, கப்ளரை ஒரு நூல் அளவு பின்னால் இழுத்து, வெளியே தெரிந்த பல்பின் எர்த் தகட்டில் மறு முனையைத் தொட்டேன். 2.1 வோல்ட். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய குண்டூசியை விட்டு டெர்மினலைத் தொட்டபோது 0.2. இடையில் இருப்பது கப்ளர் மட்டும்தான், அங்கேயே 1.9 வோல்ட் தொலைகிறது. நல்ல இணைப்பில் இது 0.1க்கு மேல் போகக்கூடாது.

1.9 வோல்ட்டை நாலரை ஆம்பியரால் பெருக்கினால் எட்டரை வாட். வீட்டில் ஒரு அறைக்கே வெளிச்சம் தருகிற எல்இடி பல்பு எடுத்துக்கொள்கிற அளவு மின்சாரம், அந்த விரல் நுனி இடத்தில் வெறும் சூடாக மாறிக்கொண்டிருந்தது. பல்புக்குப் போனது 13.4க்குப் பதிலாக 11.5 வோல்ட். குறைந்தது 14 சதவீதம்தானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் படுத்துவிடும், இந்தக் கணக்குக்குச் சுமார் 40 சதவீதம் போய்விடும்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு (எப்போதும் மைனஸ்தான் முதலில், பிளஸ்ஸில் ஸ்பானரை வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்) கப்ளரைப் பிரித்தேன். எர்த் முனை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் காப்பிக்கொட்டை நிறத்தில் உருகி வழிந்து இறுகியிருந்தது. டெர்மினலின் மடிப்புக்குள் பச்சைப் பொடி, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அதன் கீழே பளபளப்பே இல்லாத கறுப்பு. வயரின் மேலுறையை அரை அங்குலம் உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் எரிந்த விளக்குத் திரி மாதிரி கறுத்திருந்தன. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஏறிப் போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போனதில் மூன்று அங்குலம் தாண்டித்தான் சிவந்த செம்பு தெரிந்தது.

இந்த நிலையில் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை, ஸ்பிரிங் செத்துவிட்டது. லேசான களிம்பு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், மிச்சமிருக்கும் வெள்ளீயத்தையும் அது எடுத்துவிடும். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குகிறோமே என்று சிலர் எலுமிச்சைச்சாறு விடுகிறார்கள். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் விளக்கைத் தாமிரபரணியில் நாலு முறை முக்கி அலசுகிறோம், கப்ளரை அப்படி அலச முடியாது, உள்ளே தங்கிய அமிலம் மறுபடி அரிக்கும்.

வள்ளியூரில் வயரோடு சேர்ந்த புது கப்ளர் வாங்கிவந்தோம், சூடு தாங்குகிற பீங்கான் உடம்பு. வயரை ஸ்லீவுக்குள் விட்டு கிரிம்பிங் பிளையரால் நசுக்கி இணைத்தேன். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஓடி வயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வில் ஒடியும். இணைப்பின்மேல், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். டெர்மினலில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். கிரீஸ் கரண்டைக் கடத்தாதே என்ற பயம் வேண்டாம், தொடுகிற புள்ளிகளில் ஸ்பிரிங்கின் அழுத்தம் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும், மற்ற இடமெல்லாம் தண்ணீரை வரவிடாமல் அது நிற்கும். வயரை கப்ளருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுக் கட்டினேன், வழிகிற மழைத்தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இதைப் படித்துவிட்டு மீட்டரை எடுப்பவர்களுக்கு ஒன்று. மஞ்சள் நிற கப்ளர் பெரும்பாலும் ஏர்பேக்குடையது, ஆரஞ்சு வயர் ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் உயர் மின்னழுத்தம். இரண்டிலும் கைவைக்கவே கூடாது.

பேட்டரியை மாட்டி, லைட்டைப் போட்டு, அத்தானையே அளக்கச் சொன்னேன். கப்ளரில் 0.04 வோல்ட். வலது பக்கமும் அதே வயதுதானே என்று திறந்து பார்த்தால் ஓரத்தில் பச்சை துளிர்த்திருந்தது, கிளீனரும் கிரீஸும் போட்டு மூடினோம். இருட்டின பிறகு திசையன்விளை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். இடது ஓரத்துப் பனைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன, அடிமரத்துச் சொரசொரப்புவரை தெரிந்தது.