பால் பைத்தான் வாங்குறதுக்கு முன்னாடியும், அது கடிச்சதுக்கு அப்புறமும்

எங்க பக்கத்துத் தெரு பையன், காலேஜ் ரெண்டாவது வருஷம், ஒருநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் டப்பாவோட வந்து நின்னான். மூடியில கம்பிய சூடு பண்ணி ஓட்டை போட்டிருந்தான், உள்ள டிஷ்யூ பேப்பர் மேல ஒரு குட்டிப் பாம்பு தலைய நடுவுல ஒளிச்சுக்கிட்டு பந்து மாதிரி சுருண்டு கிடந்துச்சு. பால் பைத்தான் (ball python), வெளிநாட்டு மலைப்பாம்பு வகை. "அண்ணே, இதுக்கு ஏதோ பதிவு பண்ணணுமாமே, எங்கண்ணே பண்றது?" வித்தவன் கொடுத்த "சர்ட்டிபிகேட்"னு ஒரு கலர் பிரிண்ட நீட்டுனான். லேமினேஷன் எல்லாம் பண்ணி, ஓரத்துல முத்திரை மாதிரி ஒண்ணு. அதுல இவன் பேரும் இல்ல, பதிவு நம்பரும் இல்ல. பார்ட் டைம் வேலை பார்த்து சேர்த்த காசு மொத்தமும் அதுல போயிடுச்சு. அதுக்கப்புறம் அவனோட நாலு மாசம் அலைஞ்சேன். அதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், உங்களுக்காவது அலைச்சல் குறையட்டும்.

சட்டம் இவ்ளோதான். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்த 2022-ல திருத்துனாங்க, 2023 ஏப்ரல் 1-ல இருந்து அமல். சைட்டீஸ், அதாவது காட்டு உயிரின வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம், அதோட பட்டியல்ல இருக்கிற வெளிநாட்டு உயிரினங்கள் சட்டத்தோட நாலாவது அட்டவணையில வந்துச்சு, ஆப்பிரிக்கப் பாம்பான பால் பைத்தானும் அதுல உண்டு. 2024 பிப்ரவரி 28-ல பதிவு விதிகள் வந்துச்சு. ஏற்கனவே வெச்சிருந்தவங்களுக்கு 6 மாசம் டைம், அது முடிஞ்சாச்சு. இனிமே வாங்குறவங்க கைக்கு வந்த 30 நாளுக்குள்ள மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 போர்ட்டல்ல தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்கணும். பண்ணலன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்துக்கூட போடலாம். பாம்பும் போயிடும்.

இப்போ பொறிகளுக்கு வருவோம். முதல் பொறி, "டிக்ளேர் பண்ணா போதும் தம்பி, பேப்பர் எதுவும் கேக்க மாட்டாங்க"ன்னு விக்கிறவன் சொல்றது. அது 2020 ஜூன்ல மத்திய அரசு கொடுத்த சலுகை, ஆறு மாசத்துக்குள்ள தானா முன்வந்து சொன்னா எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டோம்னாங்க. அந்த டைம் எப்பவோ முடிஞ்சு போச்சு. இன்னமும் அதையே சொல்லி வித்துக்கிட்டிருக்காங்க, நம்ம பசங்களும் நம்பி வாங்குறாங்க. இன்னொண்ணு, 2020-ல தகவல் கொடுத்தது வேற, 2024 விதிப்படி பதிவு பண்றது வேற. பழைய பிரிண்ட் அவுட்ட பீரோவுல வெச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கிறவங்க எத்தனையோ பேர்.

ரெண்டாவது பொறி இன்னும் மோசம். "ஃபாரின் பைத்தான் சார், மஞ்சக் கலர், அல்பினோ"ன்னு காட்டுவான். அது பர்மிய மலைப்பாம்பா இருந்தா நம்ம வடகிழக்குல இயற்கையாவே இருக்கிற இனம், ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்புன்னா நிக்கோபார்ல இருக்கு. இதெல்லாம் சட்டத்துல அதிகப் பாதுகாப்பு இருக்கிற முதல் அட்டவணை. நம்ம ஊர் மலைப்பாம்பும் அதே அட்டவணைதான். மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் போகலாம், அபராதம் 25,000-க்குக் குறையாது. பரிவேஷ்ல இதுக்குப் பதிவே கிடையாது. சாரை, மண்ணுளின்னு நம்ம மண்ணுல இருக்கிறத எதையும் டப்பாவுல அடைக்காதீங்க.

மூணாவது, பேரு. கடைக்காரன் பில்லுல பனானா, பாஸ்டல், பைபால்ட்னு போட்டிருப்பான். அதெல்லாம் நிறத்துக்கு வெச்ச பேரு, உயிரினத்தோட பேரு இல்ல. விண்ணப்பத்துல அறிவியல் பேரு பைத்தான் ரீஜியஸ்னு இருக்கணும். அந்தப் பையன் மொதல்ல "பனானா"ன்னு போட்டு அனுப்பி, அது அப்படியே தொங்கி, என்ன குறைன்னு யாரும் சொல்லாம மூணு வாரம் போச்சு. நேர்ல போய் கேட்டா "ஆன்லைன்ல பாருங்க"ன்னாங்க, ஆன்லைன்ல பார்த்தா "பரிசீலனையில் உள்ளது"ன்னு மட்டும் இருக்கு.

அலைச்சல் எப்படின்னா, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ்ல போய் நின்னோம், "இது எங்க வேலை இல்ல, மாவட்ட ஆபீஸ் போங்க". மாவட்ட ஆபீஸ்ல டப்பாவ எட்டிப் பார்த்த ஒருத்தர் "அனகோண்டாவா?"ன்னு கேட்டு ரெண்டடி பின்னாடி போனார், அப்புறம் "கால்நடை டாக்டர் கிட்ட பேப்பர் வாங்கிட்டு வாங்க". கால்நடை டாக்டர் பாவம், "நான் மாடு ஆடு பாக்குறவன்யா, இதுக்கு என்னத்த எழுதுறது?"ன்னார். திரும்பி வந்தா சீட்டுல ஆள் இல்ல, கேம்ப். இதுல 30 நாள் கணக்கு மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். அதனால நேர்ல போய் கேட்டுட்டு அப்புறம் போடலாம்னு இருக்காதீங்க, மொதல்ல போர்ட்டல்ல போட்டு ஒப்புகை நம்பர எடுத்துடுங்க, அப்புறம் அலைங்க. ஒப்புகை நம்பர்ங்கிறது பதிவுச் சான்று இல்ல, நீங்க நாளுக்குள்ள போட்டீங்கங்கிறதுக்கு ஆதாரம், அவ்ளோதான். நேர்ல கொடுக்கிற எதுவா இருந்தாலும் ஒரு காப்பியில சீல் போட்டு வாங்குங்க. போட மாட்டேன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க.

வாங்குறதுக்கு முன்னாடி வித்தவனோட பதிவுச் சான்றக் கேளுங்க. அவன் பேர்ல பதிவு இருந்தாத்தான் உங்க பேருக்கு மாத்த முடியும். "அதெல்லாம் அப்புறம் அனுப்புறேன்"னா பாம்பையும் அப்புறமே வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னை ஏர்போர்ட்ல வந்து இறங்குன ஒரு பொம்பளையோட பெட்டியில 22 பாம்பு பிடிச்சாங்க. பிடிபடாம வந்ததுக்கெல்லாம் எந்தப் பேப்பரும் இருக்காது, விக்கிறவன் நம்பர மாத்திட்டா கடைசியில கேஸ் யார் கையில டப்பா இருக்கோ அவன் மேலதான்.

ஏற்கனவே பேப்பர் இல்லாம வெச்சிருக்கீங்களா? பயந்துபோய் ஏரிக்கரையில விட்டுடாதீங்க, வேற ஒருத்தன் தலையில கட்டாதீங்க. வன உயிரினச் சட்டம் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரப் பார்த்து, எழுத்துல விளக்கத்தோட விண்ணப்பம் போடுறதா, இல்ல வனத்துறை கிட்ட எழுதி வாங்கிக்கிட்டு ஒப்படைக்கிறதான்னு முடிவு பண்ணுங்க.

சரி, கடி. பால் பைத்தானுக்கு விஷம் கிடையாது. கடிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் நம்ம கைதான். எலிய எடுத்துப் போட்ட கைய கழுவாம உள்ள விடுறது, தோல் உரிக்கிற சமயத்துல கண்ணு மங்கி இருக்கும்போது தூக்குறது, சாப்பிட்ட ரெண்டு நாளைக்குள்ள விளையாட்டுக் காட்டுறது. பயத்துல கடிச்சா டக்குனு கொத்திட்டு விட்டுடும். இரைன்னு நெனச்சு கடிச்சாத்தான் விடாது, கையச் சுத்திக்கும். அப்போ இழுக்காதீங்க. பல்லெல்லாம் உள்பக்கமா வளைஞ்ச ஊசி, இழுத்தா தோல் கிழியும், பல்லு ஒடிஞ்சு சதையில நிக்கும். குழாயத் திறந்து அது தலை மேல பச்சத்தண்ணி விடுங்க, இல்ல வாய் ஓரத்துல கொஞ்சம் சானிடைசர் தடவுங்க, உடம்ப வால் பக்கத்துல இருந்து பிரிங்க. விட்டதும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க. கயிறு கட்டுறது, கீறி விடுறது, பச்சிலை எதுவும் வேணாம். டிடி ஊசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அரசு ஆஸ்பத்திரியில போடுங்க, காசு இல்ல. விரல் மூட்டு, முகம், கண்ணு பக்கம்னா உடனே போங்க. ரெண்டு நாள் கழிச்சு சிவந்து வீங்குனாலும் போங்க.

ஆஸ்பத்திரியிலதான் அடுத்த கூத்து. நம்ம பையன ஒருநாள் கடிச்சிடுச்சு, அவங்கம்மா அலறிக்கிட்டு ஆட்டோவுல கூட்டிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல பாம்பு வளர்க்கிறோம்னு சொன்னா போலீஸ் வரும்னு பயந்து "எந்தப் பாம்புன்னு தெரியல"ன்னு சொல்லிட்டாங்க. டாக்டர் என்ன பண்ணுவார்? கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாம வெச்சு உறையுதான்னு பார்த்தாங்க, ராத்திரி முழுக்கப் படுக்க வெச்சாங்க. அப்பா கடைசியில போன்ல போட்டோ காட்டுனா, அந்தப் புள்ளியப் பார்த்துட்டு "கண்ணாடி விரியனா?"ன்னு கேட்டிருக்காங்க. நல்லவேளை ஊசி வரைக்கும் போகல. விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான், தேவையில்லாம ஏத்துனா அதோட அலர்ஜியே உயிருக்கு ஆபத்து. 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடிய ஆஸ்பத்திரி அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும், அதனால எழுதத்தான் செய்வாங்க. "வளர்ப்பு பால் பைத்தான், விஷமில்லாதது"ன்னு மொத வார்த்தையிலயே சொல்லுங்க, போட்டோவும் பதிவுச் சான்றும் போன்லயே இருக்கட்டும்.

இதெல்லாம் கடிச்சத கண்ணால பார்த்தா மட்டும்தான். இருட்டுல ஏதோ கடிச்சுதுன்னா "நம்ம பாம்பாத்தான் இருக்கும்"னு உக்காந்திருக்காதீங்க, 108-க்கு அடிங்க. அதே மாதிரி வயல்ல "மலைப்பாம்பு குட்டி"ன்னு கையில தூக்குறது பல நேரம் கண்ணாடி விரியன்தான்.

அப்புறம், பாம்பு செத்துப் போனா மாமரத்தடியில புதைச்சிட்டு மறந்துடாதீங்க. போட்டோ எடுத்து, கால்நடை டாக்டர் கிட்ட எழுதி வாங்கி, போர்ட்டல்லயும் தெரிவிச்சிடுங்க. முட்டை பொரிச்சு குட்டி வந்தாலும் இன்னொருத்தருக்குக் கொடுத்தாலும் போர்ட்டல்ல தெரிவிக்கணும். இல்லன்னா வீட்டுக்குச் சோதனைக்கு வர்றவங்க, பதிவுல உயிரோட இருக்கிற பாம்பு எங்கடான்னு கேப்பாங்க, அதுக்கு மாமரத்தக் காட்ட முடியாது.