ஊராட்சிக் குப்பை வண்டியில் எதைத் தரலாம், எதைத் தரக்கூடாது: தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களுக்கான விளக்கம்

தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 333 கிராம ஊராட்சிகளும் உள்ளன. இவற்றில் பெரும்பாலான ஊர்களில் காலை நேரத்தில் தூய்மைக் காவலர் ஒருவர் பச்சைக் கூடையும் நீலக் கூடையும் ஏற்றிய வண்டியோடு தெருவுக்குள் வருவதைப் பார்க்கலாம். குப்பையைப் பிரித்துத் தருவது அவர்மேல் இரக்கப்பட்டுச் செய்யும் உதவி என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில், பிரித்துத் தர வேண்டிய பொறுப்பு குப்பையை உண்டாக்கியவருடையது. பிரித்துத் தந்ததை வாங்கிச் செல்ல வேண்டிய பொறுப்பு ஊராட்சியுடையது. இந்த இரண்டு பொறுப்புகளும் எங்கிருந்து வருகின்றன, வீடு, கடை, வயல் ஆகிய மூன்று இடங்களிலும் அவை எப்படி வேறுபடுகின்றன என்பதை இங்கே பார்ப்போம்.

2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெரும்பாலும் நகர்ப்புற உள்ளாட்சிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. "அதெல்லாம் டவுனுக்குத்தான்" என்ற பேச்சு கிராமங்களில் இன்றும் கேட்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்பு, 2016 மார்ச்சில் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், கிராம ஊராட்சியின் பெயரைச் சொல்லியே கடமையை விதித்தன. ஊராட்சி தானாகவோ ஒரு முகமை வழியாகவோ பிளாஸ்டிக் கழிவைச் சேகரித்து, பிரித்து, மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதும், கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உள்ளன. 2016-இன் திடக்கழிவு விதிகளுக்கு மாற்றாக 2026 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட இவை நகரம், கிராமம் என்ற வேறுபாட்டை விட்டுவிட்டு, ஈரக் கழிவு, உலர் கழிவு, சானிட்டரி கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன.

நான்கு என்றதும் மலைக்க வேண்டியதில்லை. கிராமத்து வீட்டில் முதல் வகை பெரும்பாலும் வண்டிவரை வருவதே இல்லை. அரிசி கழுவிய தண்ணீரும் காய்த்தோலும் மாட்டின் கழனித் தொட்டிக்குப் போய்விடும். மிஞ்சுவது எருக்குழிக்குப் போகும். இப்படி வீட்டிலேயே முடிந்துவிடும் ஈரக் கழிவைக் கட்டாயம் வண்டியில் தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சொல்லப்போனால், விதி விரும்புவதும் இதையேதான். மாடும் எருக்குழியும் இல்லாத வீடுகள் மட்டும் பச்சைக் கூடையில் தந்தால் போதும். ஆனால் எருக்குழிக்குள் ஷாம்பு பாக்கெட்டும் கேரி பையும் கலந்துவிட்டால், அந்த எரு வயலுக்குப் போகும்போது அவையும் கூடவே போகும். கோடை உழவின்போது கலப்பையில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக்கைக் கையால் பிய்த்தெடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகையில்தான் கவனம் அதிகம் தேவை. காகிதம், அட்டை, பால் கவர், எண்ணெய் கவர், தண்ணீர் பாட்டில், தகரம், கண்ணாடி ஆகியவை உலர் கழிவு. பெயருக்கேற்ப அவை உலர்ந்திருக்க வேண்டும். குழம்பு ஒட்டிய கவரும் நனைந்த அட்டையும் பழைய பொருள் வாங்கும் கடையில் விலை போகாமல், ஊராட்சியின் பிரிப்புக் கூடத்தில் ஒரு மூலையில் குவிந்து நாற்றமெடுக்கின்றன. பால் கவரையே எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் அதன் முனையைக் கத்தரித்துத் தனியே எறிந்துவிடுகிறோம். விரல்நுனி அளவுள்ள அந்தத் துண்டை எந்தத் தூய்மைக் காவலராலும் பொறுக்க முடியாது. அது சாக்கடைக்கோ கோழியின் வயிற்றுக்கோ போய்ச் சேரும். முனையை முழுவதும் வெட்டாமல் ஒரு கீறல் போட்டுப் பாலை ஊற்றிக்கொண்டு, கவரைக் கழுவி, கொடியில் ஒரு நாள் காயவிட்டு, பத்துப் பதினைந்து சேர்ந்ததும் தந்தால், அது நல்ல விலைக்குரிய பிளாஸ்டிக்.

சானிட்டரி நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் காகிதத்தில் இறுகச் சுற்றித் தனியாகத் தர வேண்டும். இவற்றை வெறும் கையால் பிரித்தெடுக்கும் நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளக்கூடாது என்பதற்காகவே புதிய விதி இவற்றைத் தனி வகையாக்கியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். காலாவதியான மருந்து, உடைந்த குழல் விளக்கு, பெயின்ட் டப்பா போன்றவை நான்காவது வகை. இவை தினமும் சேர்வதில்லை; ஒரு பழைய டப்பாவில் போட்டுவைத்து, எப்போது வாங்கிக்கொள்வார்கள் என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டுத் தரலாம். வண்டி பேட்டரிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு விதிகள் தனியே உள்ளன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். விதிக்கும் அது பொருந்திப்போகிறது.

கடைக்காரர்களுக்கு வேறு கணக்கு. தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் பிறப்பித்த அரசாணையின்படி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. கேரி பை, பிளாஸ்டிக் பூசிய தேநீர்க் கோப்பை, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், உணவு கட்டும் தாள், தெர்மாகோல் தட்டு முதலியவை அவற்றில் அடக்கம். சந்தையில் சில வியாபாரிகள் 120 மைக்ரான் என்று அச்சிட்ட பையைக் காட்டி, "இது அனுமதி உள்ளது" என்று வாதிடுவார்கள். 120 மைக்ரான் என்பது மத்திய அரசு 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதற்கும் வைத்த குறைந்த அளவு. தமிழ்நாட்டின் தடையோ கேரி பையின் தடிமனைப் பார்ப்பதே இல்லை. எத்தனை மைக்ரானாக இருந்தாலும் தடைதான். ஆகவே பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ மளிகைக் கடை நடத்துபவருக்கு மைக்ரான் கணக்கு பயன்படாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இதற்கு மாற்றாக வந்ததே.

திருமண மண்டபம், நெடுஞ்சாலை உணவகம், விடுதி ஆகியவை அன்றாடம் 100 கிலோவோ அதற்கு மேலோ கழிவை உண்டாக்கினால் விதியில் அவை பெருமளவு கழிவு உண்டாக்குவோர் ஆகின்றன. எச்சில் இலையும் மிஞ்சிய சோறும் அவர்களே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டியவை. இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்ட வேண்டியவை அல்ல. திறந்தவெளியில் விழா நடத்தி, பிளாஸ்டிக் உறையில் உணவு பரிமாறினால் அந்தக் கழிவைப் பிரித்து அகற்றும் பொறுப்பு விழா நடத்துபவரைச் சேரும். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளின் மாங்கொட்டையும் கழிவுநீரும் ஊராட்சி வண்டியின் எல்லைக்குள் வருவதில்லை. அவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு நிபந்தனைகளுக்கு உட்பட்டவை.

இந்த இரு மாவட்டங்களிலும் வீட்டுக் குப்பையைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது வயல் குப்பை. அதைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை. இராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி முடிந்த வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். களை முளைக்காமலிருக்க மண்மேல் விரிக்கும், மேலே வெள்ளியும் அடியில் கறுப்புமான பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் வெயிலில் நைந்து, வேரோடும் மண்ணோடும் ஒட்டிக்கிடக்கும். இழுத்தால் நாடா நாடாவாகக் கிழியும். அடுத்த நடவுக்கு அவசரம் என்பதால் வரப்போரம் குவித்துத் தீ வைத்துவிடுகிறார்கள். அந்தக் கரும்புகையின் வாசம் ஊருக்குள்வரை வரும். திறந்தவெளியில் குப்பையை எரிப்பது விதிமீறல். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்கச் சொல்லியிருக்கிறது. ஷீட் முழுவதும் நைந்துபோவதற்கு முன்பே உருவி, மண்ணை உதறி, காயவைத்துச் சுருட்டி வைத்தால் கைமாற்ற வழி உண்டு. மண்ணோடு இருந்தால் எவரும் தொட மாட்டார்கள். அளவு அதிகமாக இருந்தால் வண்டிக்காகக் காத்திராமல், ஊராட்சியில் முன்கூட்டியே பேசிவிட்டுப் பிரிப்புக் கூடத்துக்கு நேரே கொண்டு சேர்ப்பது நல்லது. சொட்டுநீர் லேட்டரல் குழாய்க்கும் நாற்றுக் குழித்தட்டுக்கும் பழைய பொருள் கடையிலேயே ஆள் உண்டு.

பூச்சிமருந்துப் புட்டி மட்டும் எந்தக் கூடைக்கும் உரியதன்று. மருந்தைத் தெளிப்பான் தொட்டியில் ஊற்றியதும் புட்டியை மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் தொட்டியிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு புட்டியில் துளையிட்டுவிட வேண்டும். வெற்றுப் புட்டியை மறுபடி எவரும் பயன்படுத்தும்படி வெளியில் போட்டுவைக்கக் கூடாது என்றும், உடைத்துக் குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும் என்றும் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. கிணற்றடியும் ஓடைக்கரையும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. அழகான மூடி போட்ட புட்டி என்று கழுவி எண்ணெய் ஊற்றிவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

மதுக்கடைகளின் காலிப் புட்டிக்குத் தனித் திட்டம் உண்டு. வாங்கும்போது கூடுதலாகப் பெறப்படும் 10 ரூபாய், ஒட்டுவில்லை கிழியாமல் புட்டியைத் திருப்பித் தரும்போது திரும்பக் கிடைக்கும். 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் படிப்படியாக விரிந்த இத்திட்டம் தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

பிரித்துத் தந்த பிளாஸ்டிக் எங்கே போகிறது என்ற கேள்வி நியாயமானது. விலையுள்ளது பழைய பொருள் வியாபாரிக்கு விற்கப்படுகிறது. விலையில்லாத மெல்லிய கவர்கள் துண்டாக்கப்பட்டு, சூடான ஜல்லியின்மேல் உருகிப் படிந்து தார்ச்சாலைக்குப் போகலாம். மதுரைப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய முறை இது. அதற்காக அவர் 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். நொறுக்குத்தீனி பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகள் சிமென்ட் ஆலை உலைகளுக்கு எரிபொருளாகச் செல்கின்றன.

இதற்கெல்லாம் பணம் இல்லை என்பது எப்போதும் ஏற்கத்தக்க பதில் அன்று. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, 2020-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர்வரை வாழும் கிராமத்துக்குத் திடக்கழிவுப் பணிக்கென நபருக்கு 60 ரூபாய்வரையும், அதற்கு மேற்பட்ட கிராமத்துக்கு 45 ரூபாய்வரையும் அனுமதித்தது. 3,000 பேர் உள்ள கிராமத்துக்கு இது 1,80,000 ரூபாய். இதில் 30 விழுக்காட்டைப் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டியிருந்தது. ஊராட்சி ஒன்றிய அளவில் பிளாஸ்டிக் கழிவுக் கூடம் அமைக்க 16 லட்சம் ரூபாய்வரை தனியே அனுமதிக்கப்பட்டது. துணைவிதி வகுத்து வீடுகளிடமும் கடைகளிடமும் கட்டணம் வாங்கவும் ஊராட்சிக்கு உரிமை இருக்கிறது. வாங்கினால் ரசீது தர வேண்டும்.

வண்டி பல நாட்கள் வராவிட்டால் முதலில் ஊராட்சிச் செயலரிடம் சொல்லலாம். இம்மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றதால், அடுத்து அணுக வேண்டியவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஊரக வளர்ச்சித் துறையின் 'ஊராட்சி மணி' எண்ணான 155340-இலும் புகாரைப் பதியலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பிரித்த பிளாஸ்டிக்கை விற்று எவ்வளவு வந்தது, வண்டியைப் பழுதுபார்க்க எவ்வளவு போனது, காவலருக்குக் கையுறை கடைசியாக எப்போது வாங்கினார்கள் என்ற மூன்று கேள்விகளையும் அங்கே எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லிக் கேட்கலாம்.