பனியில் பதியும் வெறும் பாதங்கள்

ஒஸ்லோவில் வசிக்கும் வாசகி ஒருவர், டிசம்பர் விடுமுறையில் குடும்பத்துடன் ட்ரோம்சோவுக்குச் சென்று நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் போக இருக்கிறாராம். பயண நிறுவனம் அனுப்பிய காணொளியைப் பார்த்த அவருடைய ஏழு வயது மகன், “நமக்கெல்லாம் கனமான பூட்ஸ் தருகிறார்களே, நாய் மட்டும் வெறுங்காலோடு பனியில் நிற்கிறதே, அதன் கால் உறையாதா?” என்று கேட்டிருக்கிறான். அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடம் அனுப்பிவிட்டார். இந்த ஆண்டில் எனக்கு வந்த கேள்விகளில் நான் மிகவும் ரசித்தது இதுதான்.

முதலில் பயணத்தைப் பற்றி. ட்ரோம்சோ வட துருவ வட்டத்துக்கு மேலே, ஏறத்தாழ 69 டிகிரி வடக்கில் இருக்கிறது. கடலோர நகரம் என்பதால் குளிர் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மைனஸ் 20 சாதாரணம். புதியவர்களுக்கான வண்டியை நான்கு முதல் ஆறு நாய்கள் இழுக்கும். ஒருவர் போர்வைக்குள் உட்கார்ந்துகொள்வார், மற்றவர் பின்னால் சறுக்குக் கட்டைகள் மீது நின்று ஓட்டுவார். சிறுவர்கள் இருந்தால் பல இடங்களில் வழிகாட்டியே ஓட்டுகிறார். கடிவாளம் கிடையாது. குரல்தான் கட்டளை, காலால் அழுத்தும் பிரேக்தான் பாதுகாப்பு. வழிகாட்டி முதலில் சொல்லித்தரும் பாடம் ஒன்று: என்ன ஆனாலும் கைப்பிடியை விடக்கூடாது. விட்டால் நாய்கள் உங்களுக்காக நிற்காது. ஓடுவது அவற்றுக்கு அவ்வளவு பிடிக்கும்.

இனி அந்தப் பாதம். உடம்புக்கு இரண்டடுக்கு ரோமம் இருக்கிறது. உள்ளே அடர்த்தியான மென்மயிர், வெளியே ஈரம் ஒட்டாத நீள்மயிர். பாதத்தின் அடியில் ரோமம் இல்லை. கறுத்த, தடித்த மெத்தை போன்ற தோல் நேரடியாகப் பனியைத் தொடுகிறது. இதயத்திலிருந்து 38 டிகிரி வெப்பத்தில் புறப்படும் ரத்தம் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் திசு செத்துவிடும். போனாலோ பனி அதன் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த அந்த ரத்தம் அப்படியே உடம்புக்குத் திரும்பினால் நாயே நடுங்கிச் சாகும். இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் ஒரே விடை அந்தக் காலுக்குள் இருக்கிறது.

2011இல் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோயோஷி நினோமியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாய்ப் பாதத்தின் ரத்தக் குழாய்களுக்குள் பிசினைச் செலுத்தி இறுகவிட்டு, சுற்றியிருந்த சதையைக் கரைத்துவிட்டு, எஞ்சிய வார்ப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை நுண்ணிய சிரைகள் வலைபோலச் சூழ்ந்திருந்தன. சூடான ரத்தம் கீழே இறங்குகிறது, குளிர்ந்த ரத்தம் அதை உரசிக்கொண்டு மேலே ஏறுகிறது.

இதில் என்னைக் கிறங்கடிப்பது அந்த எதிர்த்திசைதான். இரண்டு குழாய்களை ஒட்டிவைத்து, ஒன்றில் 38 டிகிரி நீரையும் மற்றொன்றில் பூஜ்ஜிய டிகிரி நீரையும் ஒரே திசையில், ஒரே அளவில் ஓடவிடுங்கள். கொஞ்ச தூரத்தில் இரண்டும் 19 டிகிரிக்கு வந்துவிடும். வேறுபாடு தீர்ந்தது, வெப்பம் நகர்வதும் நின்றது. குழாயை ஒரு மைல் நீட்டினாலும் பாதிக்குமேல் கைமாறாது. இப்போது ஒன்றின் திசையை மட்டும் திருப்புங்கள். 38 டிகிரியில் இறங்கத் தொடங்கும் ரத்தத்துக்கு அருகில், ஏறி முடிக்கப்போகும் 35 டிகிரி ரத்தம் ஓடுகிறது. பாதி வழியில் 20க்குப் பக்கத்தில் 17. அடியில் 3க்குப் பக்கத்தில் பூஜ்ஜியம். எந்த இடத்திலும் இறங்குவது ஏறுவதைவிடச் சற்றே சூடு. அதனால் வழி நெடுகிலும் வெப்பம் தாவிக்கொண்டே இருக்கிறது. உடம்பிலிருந்து புறப்பட்ட சூட்டில் பெரும்பகுதி பாதத்தைத் தொடாமலே உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, தத்துவம் அதுவேதான். பால் பதப்படுத்தும் ஆலையிலும், வெளியேறும் சூடான பால் உள்ளே வரும் குளிர்ந்த பாலை இப்படித்தான் எதிர்த்திசையில் ஓடிச் சூடாக்குகிறது.

ஆகவே, பாதம் சூடாக இருப்பதால் நாய் தப்பிக்கவில்லை. பாதத்தைக் குளிரவிட்டுத்தான் தப்பிக்கிறது. பனிக்கும் பாதத்துக்கும் வெப்ப வேறுபாடு குறைவு என்பதால் இழப்பும் குறைவு. ஆனால் எவ்வளவு குளிரவிடலாம்? 1972இல் வெளியான ஓர் ஆய்வில் துருவ நரி, சாம்பல் ஓநாய் ஆகியவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரி திரவத்தில் வைத்து அளந்தார்கள். பாதத் திசுவின் வெப்பம் மைனஸ் 1க்கு அருகில் இறங்கி அங்கேயே நின்றது. உப்புகள் கரைந்திருப்பதால் திசு பூஜ்ஜியத்தில் உறைவதில்லை, ஏறக்குறைய மைனஸ் 1இல்தான் உறையும். அந்த விளிம்பை எட்டியதும் பாதத்துக்குக் கூடுதல் ரத்தம் பாய்ந்து மீட்கிறது. நாயின் பாதத்திலும் இதற்கு வசதி உண்டு: தமனியையும் சிரையையும் நேரே இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் திறந்துகொள்கின்றன.

“இயற்கையின் அதிசயம்” என்று சொல்லி இதை மூடிவைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தச் சொற்றொடர் கேள்வியைக் கொன்றுவிடுகிறது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட பெர் ஸ்கோலாண்டரும் லாரன்ஸ் இர்விங்கும் 1940களின் இறுதியில் அலாஸ்காவின் பாயின்ட் பரோவில், அமெரிக்கக் கடற்படையின் ஆதரவுடன், துருவ விலங்குகள் குளிரை எப்படித் தாங்குகின்றன என்று அளந்துகொண்டிருந்தார்கள். அதே விண்ணப்பம் இன்று ஒரு நிதிக்குழு முன் வந்தால், “இதனால் என்ன வருமானம்?” என்றுதான் முதல் கேள்வி எழும். இத்தகைய ஆய்வுகளுக்குத் தயங்காமல் பணம் தர வேண்டும் என்பது என் திடமான கருத்து.

மகனுக்கு ஒரு கூடுதல் தகவல்: அவன் கையிலும் இந்த ஏற்பாடு சிறிய அளவில் இருக்கிறது. குளிரில் நம் கையின் ரத்தம் தோலுக்கு அருகிலுள்ள சிரைகளை விட்டு, ஆழத்தில் தமனியை ஒட்டி ஓடும் சிரைகள் வழியாகத் திரும்புகிறது. நாயினுடையதைப்போல நெருக்கமான வலை நம்மிடம் இல்லாததால் கையுறை அவசியம்.

சில நாய்களின் கால்களில் துணிக் காலுறைகளையும் அவன் பார்க்கக்கூடும். அவை குளிருக்காக அல்ல. சொரசொரப்பான பனி தோலைத் தேய்க்காமலும், விரல்களுக்கு இடையே பனிக்கட்டி திரளாமலும் காக்கவே அணிவிக்கிறார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, அதுவே கெடுதலாகிவிடும்.

இந்தப் பாதத்தை நம்பி எந்த நாயையும் பனியில் நிறுத்தலாம் என்றும் எண்ண வேண்டாம். மெல்லிய ரோமமும் சிறிய உடலும் கொண்ட நாய் மற்ற வழிகளில் சூட்டை இழந்துவிடும். திருப்பி அனுப்ப உடம்பில் வெப்பம் இருந்தால்தானே பாதத்தின் கணக்கு நடக்கும்! வண்டி இழுக்கும் ஹஸ்கிக்கோ சிக்கல் நேர்மாறானது. ஓடும்போது அதன் தசைகள் உண்டாக்கும் சூடு மிக அதிகம். அதனால்தான் ஓட்டத்தின் நடுவே வாயால் பனியைக் கவ்விக்கொள்கிறது. வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே போன ஒரு நாளில் வழிகாட்டி பயணத்தைச் சுருக்கினால், அந்த வாசகி பணத்தை நினைத்து வருந்தாமல் அவருக்கு நன்றி சொல்லலாம்.